காதில் சிப் இருந்தால் மாடு நிற்கும் இடம் தெரியுமா?

ஒடுகத்தூரான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "காதில் சிப் போட்டுவிட்டால், திருட்டுமாடு ஆந்திராவில் பலமநேரில் நின்றாலும் போனிலேயே பார்த்துவிடலாம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தச் சிப்பில் பேட்டரியே கிடையாது சாமி! படிக்கிற கருவியைக் காதோரம் கொண்டுபோனால், அதன் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில்தான் அதற்கு உயிர் வரும், 15 இலக்க எண்ணைச் சொல்லும். கருவியை விலக்கினால் பேச்சு நின்றுவிடும். கைக்கருவி என்றால் ஒரு முழம் தாண்டுவதே பெரிது. இதில் பலமநேர் எங்கே தெரியப்போகிறது?

குடியாத்தம் பால்காரர்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஆஸ்திரேலியாவில் மாட்டுக்குச் சிப் கட்டாயம். பண்ணையிலிருந்து இறைச்சிக்கூடம் வரை கணக்கு இருக்கிறது. அவர்களெல்லாம் முட்டாள்கள், ஒடுகத்தூரில்தான் அறிவாளி!

ஒடுகத்தூரான்:
அங்கே சந்தையிலும் இறைச்சிக்கூடத்திலும் கருவி வைத்துப் படித்துப் பதிவேற்றுகிறார்கள். மாடு கடந்த வாசல் தெரியும், நிற்கிற இடம் தெரியாது. ஏன்? பேட்டரி இல்லை.

காட்பாடி வாசகன்:
ஒரு நிமிடம். நம் ஊரில் தடுப்பூசி போடும்போது காதில் மாட்டுவதெல்லாம் 12 இலக்க மஞ்சள் வில்லை. பார்கோடு மட்டும்தான், சிப் இல்லை. இருவரும் எந்த வில்லையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

குடியாத்தம் பால்காரர்:
எந்த வில்லையாக இருந்தால் என்ன தம்பி? கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் வைத்து விற்கிறார்களே, அது இடத்தைக் காட்டவில்லையா?

ஒடுகத்தூரான்:
அதில் பேட்டரி இருக்கிறது! நான் கேட்பது காதுச் சிப்பை. பேச்சை மாற்றாதீர்கள்.

பொய்கை சந்தைக்காரன்:
பேட்டரி இருந்து என்ன, இல்லாமல் என்ன? செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்து காதைப் பாருங்கள். வில்லையைக் கத்தரித்த ஓட்டை மட்டும் இருக்கும். சிலதில் காதே கிழிந்து இரண்டாகத் தொங்கும், வேப்பெண்ணெய் தடவி ஈ மொய்க்காமல் நிறுத்தியிருப்பார்கள். எண்ணை யாரிடம் கேட்பீர்கள்?

குடியாத்தம் பால்காரர்:
கத்தரிப்பது யார், உங்கள் தரகர்கள்தானே? துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களுக்குக் கணக்கு என்றாலே கசக்கும்.

பொய்கை சந்தைக்காரன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். மேயும்போது கம்பியில் மாட்டிக் கிழிந்தாலும் ஓட்டைதான். நாலு லிட்டர் கறக்கிற கலப்பின மாட்டைப் பத்து லிட்டர் என்று தள்ளிவிட்ட குடியாத்தத்துக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அதற்கு எந்தச் சிப் வைப்பது?

ஒடுகத்தூரான்:
கத்தரிப்பதுதான் பிரச்சினை என்றால், மாட்டை விழுங்க வைக்கிற பீங்கான் குளிகை இருக்கிறது. சிப் வயிற்றிலேயே தங்கிவிடும், யாரும் அறுக்க முடியாது. ஆனால் அதிலும் பேட்டரி இல்லை. கருவி பக்கத்தில் வந்தால்தான் படிக்கும். இன்சூரன்ஸுக்கு, தடுப்பூசிக் கணக்குக்கு நல்லது, நானே வேண்டும் என்பேன். திருடனைப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குடியாத்தம் பால்காரர்:
சரி, எல்லாம் தெரிந்தவர் நீங்கள். போன தை மாதம் காளை விடும் விழாவில் உங்கள் ஊர்க் காளை பாதித் தெருவிலேயே திரும்பி ஓடியதே, அதற்கும் பேட்டரி இல்லையோ?

ஒடுகத்தூரான்:
தெருவுக்குள் ஆளை நிற்க வைத்து மறித்தது யார்? அதைப் பேசலாமா?

பொய்கை சந்தைக்காரன்:
பேசுங்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன்.