ரோஜா மொட்டு விரியாமலே கருகுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். மாடியில் 12 அங்குலத் தொட்டியில் ஒரு சிவப்பு ரோஜா வைத்திருக்கிறேன். ஒட்டுச் செடி, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் படும். போன முறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த பிறகு கொத்துக் கொத்தாகப் பூத்தது. இப்போது ஒரு மாதமாகத்தான் தகராறு.

மொட்டு பட்டாணி அளவு வரும்வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் வெளி இதழ்களின் ஓரம் பழுப்பாகி, விரியாமலே நின்றுவிடுகிறது. நேற்று ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டினேன். ஊசிமுனை பருமனில், வெளிர் மஞ்சளாக நாலைந்து பூச்சிகள் ஓடின. இலைப்பேன்தான் என்று நினைக்கிறேன். வேப்ப எண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு முறை மாலையில் அடிக்கிறேன். இலையில் படுகிறதே தவிர, மூடிய மொட்டுக்குள் எப்படிப் போகும்? கெட்ட மொட்டுகளைக் கிள்ளி எறிந்தால் அடங்குமா? மனசு வரவில்லை, மொத்தமே ஏழு மொட்டுதான்.

இன்னொன்று. ஒட்டுக்குக் கீழே, மண்ணோரமாக ஒரு தண்டு விறுவிறுவென்று மூன்றடிக்கு வளர்ந்துவிட்டது. மற்ற கிளைகளில் காம்புக்கு ஐந்து சிற்றிலை. இதில் ஏழு, நிறமும் வெளிர். ஒட்டுக்கு வேராக இருக்கும் அடிச்செடியின் முளை என்றால் சத்தையெல்லாம் இதுவே இழுத்துக்கொள்ளும். கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும் என்கிறார்கள். மண்ணைத் தோண்டி அடியோடு பிய்த்து எடுக்கலாமா? தொட்டிச் செடியாயிற்றே, வேர் அடிபடுமோ என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.