உருவ ஓவியம் படிப்பவர்களுக்கு: மாடல், மாநிறத் தோல், ஆர்டர் வேலை

கரிக்கோடு:
ஆயில் பெயின்ட் வாங்கும் முன் கரியைப் பிடித்துப் பழகுங்கள். மாடல் நின்றதும் முகத்துக்குப் போகாதீர்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் கழுத்துக்குழிக்கு நேரே தூக்குக்குண்டு நூலைப் பிடித்தால், அது அந்தக் காலின் கணுக்கால் பக்கம் விழும். படத்தில் அப்படி விழாவிட்டால் ஆள் சாய்கிற மாதிரியே இருப்பார். எவ்வளவு நிழல் போட்டாலும் சரியாகாது. எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயரும், தோள் இறங்கும்.

நீண்ட போஸ் என்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். மாடல் எழுவதற்கு முன் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே முதுகு தளரும். அதைத் துரத்தித் துரத்தித் திருத்தினால் படம் முடியவே முடியாது. தளர்ந்து நிலைத்த பிறகு இருக்கிற போஸையே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்நிறம்:
கரிக்கோடு அண்ணா சொன்னதோடு நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் வழுக்குவது மாநிறத் தோலில்தான். வெளிச்சத்துக்கு வெள்ளை, நிழலுக்குக் கறுப்பு என்று கலந்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் செத்துப்போகும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), அல்ட்ராமெரின் ப்ளூ (அடர்நீலம்) மூன்றை வைத்தே நிழல் முழுவதையும் எடுத்துவிடலாம். வெள்ளை கடைசியில், துளியளவு. சன்னல் வெளிச்சத்தில் கறுத்த கன்னத்தில் மின்னுவதில் பாதி வானத்தின் பிரதிபலிப்பு, அதனால் அங்கே லேசான நீலச் சாயல் வேண்டும். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்து, 2021இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களைப் பார்த்துப் பிரதி எடுங்கள். எத்தனை புத்தகம் படித்தாலும் அந்தப் பாடம் கிடைக்காது.

ஈசல்காரர்:
படித்து முடித்ததும் சோறு போடுவது பெரும்பாலும் போர்ட்ரெய்ட் ஆர்டர்தான். வாடிக்கையாளர் அனுப்பும் செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போயிருக்கும். கேமரா அவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் காரணம். 2 மீட்டராவது தள்ளி நின்று ஜூம் செய்து, ஒரே பக்க வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள். சாயல் பற்றிய ஒப்புதலைக் கரிப்படத்திலேயே கேளுங்கள். பெயின்ட் ஏறிய பிறகு மூக்கை மாற்றுவது இரட்டை வேலை.

அடி அடுக்கு டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு), மெல்லிசாக. மேலே போகப் போக லின்சீடு (ஆளிவிதை) எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது. எண்ணெய் கூடிய அடுக்கு மெதுவாகக் காயும். அதன் மேல் சீக்கிரம் காய்வதைப் பூசினால் அடியில் அசைவு, மேலே வெடிப்பு. பெயின்ட் நன்றாகக் காய்ந்து வார்னிஷ் பூச ஆறு மாதமாவது ஆகும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.