பட்டிமன்றத்துக்கு மிட் ராம்னி: எது நிக்கும், எது நிக்காது?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாரே, கல்லூரிப் பட்டிமன்றம். தலைப்பு ‘தொழில் நடத்தியவருக்கு ஆட்சி நடத்த வருமா?’ நான் ‘வரும்’ அணி. தொழில் நடத்திட்டு அரசியலுக்கு வந்த அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்காரர் மிட் ராம்னியை எடுத்துப் பேசலாம்னு நினைக்கேன். ஆண்டு வரிசை வேணும். எதிரணி எங்க அடிப்பாங்கன்னும் சொல்லுங்க.

கல்லிடைக்காரன்:
1975-ல ஹார்வர்டுல சட்டம், மேலாண்மை ரெண்டு பட்டமும். 1984-ல பெய்ன் கேபிடல்ங்கிற முதலீட்டு நிறுவனம், முதல் நிதி 3.7 கோடி டாலர். 1994-ல செனட் தேர்தல்ல டெட் கென்னடிகிட்ட தோல்வி. 1999-ல சால்ட் லேக் குளிர்கால ஒலிம்பிக்ஸ் பொறுப்பு. 2003 முதல் 2007 வரை மாசசூசெட்ஸ் ஆளுநர். 2012 அதிபர் தேர்தல்ல தேர்வாளர் ஓட்டு ஒபாமாவுக்கு 332, இவருக்கு 206, தோல்வி. 2019 முதல் 2025 வரை யூட்டா செனட்டர்.

ஒண்ணு கவனிங்க, அங்க ஆளுநர்னா நம்ம ராஜ்பவன் ஆளுநர் மாதிரி இல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குற முதலமைச்சர் வேலை. இதைச் சொல்லாம பேசுனா சபைக்குப் புரியாது.

அம்பை கணக்கர்:
எதிரணி, பெய்ன் வாங்குன ஆம்பேடுங்கிற கம்பெனியைத்தான் பிடிக்கும். முதல்ல கடன் போட்டுக் கம்பெனி வாங்குற முறையைப் புரிஞ்சுக்கிடுங்க. அம்பையில 10 கோடிக்கு ஒரு அரிசி ஆலை விலைக்கு வருதுன்னு வச்சுக்கிடுவோம். வாங்குறவர் கைக்காசு 2 கோடி, மீதி 8 கோடி கடன். அந்தக் கடன் அவர் பேர்ல இல்ல, ஆலை பேர்ல. வட்டியும் ஆலைதான் கட்டணும். கொஞ்ச நாள்ல ஆலை பேர்லயே இன்னும் கடன் வாங்கி, அதை லாபப்பங்குன்னு அவர் எடுத்துக்கிடலாம். நெல்லு வரத்து குறைஞ்சா ஆலை முங்கும். அவர் போட்ட 2 கோடி அதுக்கு முந்தியே வீடு வந்து சேர்ந்திருக்கும்.

ஆம்பேடு, எழுதுற நோட்டு தயாரிக்குற கம்பெனி. 1992-ல பெய்ன் போட்டது 50 லட்சம் டாலர். எடுத்தது ஏறக்குறைய 10 கோடி டாலர். கம்பெனி 2000-ல திவால். இண்டியானா ஆலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தை 1994-லயே கென்னடி விளம்பரமாக்கிட்டார். அப்ப தேர்தலுக்காக விடுப்புல இருந்தேங்கிறது ராம்னியோட பதில். ஓட்டுப் போடுறவங்ககிட்ட அது எடுபடல.

பதிலுக்கு 1986-ல தொடங்குன, ஆபீஸ் சாமான் விக்குற ஸ்டேப்பிள்ஸ் கடைகளைச் சொல்லுங்க, அதுலயும் பெய்ன் பணம் உண்டு. ஆனா ‘1999-லயே பெய்னை விட்டு விலகிட்டார்’னு மட்டும் அடிச்சுப் பேசாதீங்க. அதுக்குப் பிறகும் பங்குச்சந்தை ஆணையத் தாள்கள்ல உரிமையாளர்னு அவர் பேர்தான் இருந்துச்சு. 2012-ல அது பெரிய சர்ச்சை.

பாளை மாணவன்:
அப்ப எதைத்தான் முன்ன வைக்க?

கல்லிடைக்காரன்:
ஒலிம்பிக்ஸை வைங்க. 37.9 கோடி டாலர் பற்றாக்குறைன்னு சொன்ன இடத்துல பொறுப்பெடுத்து, கடைசியில உபரி காட்டினார். மத்திய அரசுப் பணமும் நிறைய வந்துச்சுன்னு எதிரணி சொல்லும்; ஒத்துக்கிட்டே மேல பேசுங்க, அது உண்மைதான்.

ஆளுநர் காலம் ரெண்டு பக்கமும் வெட்டும். 2006 ஏப்ரல் 12-ல மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். ஆனா 11 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற கம்பெனி காப்பீடு தரலன்னா, ஆளுக்கு 295 டாலர் கட்டணும்ங்கிற பிரிவை ரத்து பண்ணினார். ஜனநாயகக் கட்சி பெரும்பான்மையா இருந்த சட்டமன்றம் அந்த ரத்தையே ரத்து பண்ணிடுச்சு. கம்பெனியில முதலாளி சொன்னா முடிஞ்சுது. ஆட்சியில, சட்டமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு எதிரா இருந்தா அவர் கையெழுத்துக்கு மதிப்பில்ல. நான் ‘வராது’ அணியில இருந்தா இந்த ஒண்ணை வச்சே பேசுவேன், அதனால பதிலைத் தயாரா வச்சுக்கிடுங்க தம்பி.