பழைய சேலையில் லேம்ப் ஷேட்: துணி உள்ளே அமுங்குகிறது, சாயமும் இறங்குகிறது

நூல்கண்டு:
உடுத்திக் கழித்த சேலைகள் மூன்று இருக்கின்றன. சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட மதுரைச் சுங்குடி, இளமஞ்சள் கைத்தறி, ஜரிகைக் கரை வைத்த ஒரு பட்டு (மடிப்புகளில் இழை விட்டுப்போயிருக்கிறது). ஹாலில் தொங்கவிட ஒரு லேம்ப் ஷேட் செய்ய வேண்டும். பலூன் மேல் ஃபெவிக்கால் தடவித் துணி ஒட்டினால், பலூனை எடுத்ததும் ஒரு பக்கம் உள்ளே அமுங்கிவிடுகிறது. சுங்குடியில் சாயம் வேறு இறங்குகிறது. பசை சரியில்லையா, முறையே சரியில்லையா? மூன்றில் எந்தச் சேலை தேறும்? பல்பு எத்தனை வாட்?

கம்பிக்கூடு:
பசையில் குறை இல்லை, காயவிடுவதில்தான். பலூன் ரப்பர் உள்பக்கத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் ஈரம் வெளிப்பக்கமாக மட்டுமே போகும். மேலே மொடமொடவென்று இருக்கும்போதே உள்ளே பசை ஈரமாக இருக்கும். அப்போது பலூனை உடைத்தால், சுருங்குகிற ரப்பர் துணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

ஃபெவிக்கால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. துணியை இரண்டு மூன்று செ.மீ. அகல நாடாவாகக் கிழித்து மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. வெயிலில் வைக்காதீர்கள், பலூன் உப்பி ஈரத்துணியைப் பிளந்துவிடும். நிழலில் இரண்டு நாள் போதும். பலூனில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எண்ணெய் ரப்பரை இளக்கும், பாதி வேலையில் வெடித்தால் எல்லாம் போச்சு. மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி அதன் மேல் ஒட்டுவது மேல். கடைசியில் குத்தி உடைக்காமல் முடிச்சுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, காற்று இறங்க இறங்க விரலால் விடுவித்துக்கொண்டே வாருங்கள்.

தையல்கட்டை:
பலூனில் செய்தது கடைசி வரைக்கும் பிள்ளைகள் கைவேலை மாதிரித்தான் இருக்கும். ஹாலுக்கு என்றால் கம்பிக்கூடு கட்டித் தைத்துவிடுங்கள், வருஷக்கணக்கில் நிற்கும்.

25 செ.மீ. விட்டத்தில் இரண்டு வளையம். சுற்றளவு 78.5 வரும், ஒன்றோடொன்று ஏறிக் கட்ட இடம் விட்டு 82 செ.மீ. கம்பி நறுக்குங்கள். 10 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), அதாவது சுமார் 3 மி.மீ. தடிப்பு. நிற்கும் கம்பி நான்கு, 20 செ.மீ. உயரம். மேல் வளையத்தின் குறுக்கே ஹோல்டரைப் பிடிக்க ஒரு கம்பி. அதன் நடுவில் வளைக்கும் கண்ணை ஹோல்டரைக் கையில் வைத்துக்கொண்டே அளந்து வளையுங்கள். கட்டுக்கம்பியால் முடுக்கி எம்-சீல் வைக்கலாம், கிரில் பட்டறையில் பற்றவைத்தால் இன்னும் உறுதி. வெல்டிங் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அங்கே பெயின்ட் அடிக்காவிட்டால் துரு துணியில் ஊறிக் கறையாகும்.

பெரும்பாலும் எல்லாரும் தாண்டிப்போகும் வேலை அடுத்து வருவது. இரண்டு வளையத்திலும் பாவாடை நாடாவைச் சாய்வாக, பாதிக்குப் பாதி ஏறும்படி இறுக்கிச் சுற்ற வேண்டும். கம்பி நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடவே நாடா பிடிக்கும். சுற்றியபின் விரலால் திருகிப் பாருங்கள். நாடா கம்பியில் சுழன்றால் பிரித்து மறுபடி சுற்றுங்கள், ஏனென்றால் துணியைத் தைக்கப்போவது அந்த நாடாவோடுதான். நாடா நகர்ந்தால் துணி தொய்யும்.

துணி 82 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரம். சேலையின் நீளவாட்டில் வெட்டினால் கரை அப்படியே ஷேட்டின் அடிவிளிம்பாக வந்து அமையும், தனி லேஸ் தேவையில்லை. துணியின் பின்பக்கம் பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற வெள்ளைக் கேன்வாஸை ஒட்டுங்கள். பசைப் புள்ளி இருக்கும் பக்கம் துணியைப் பார்க்க வேண்டும். அயர்ன் பெட்டியை இழுக்காமல், பத்துப் பன்னிரண்டு வினாடி வைத்து அமுக்கி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் சுருக்கம் விழும், பிறகு போகாது. மேலே நான்கு இடம், நேர் கீழே நான்கு இடம் குண்டூசி குத்தி, பிறகு இடைவெளிகளை நிரப்பி, இரட்டை நூலில் தையுங்கள்.

துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எரிகிற பல்புக்கு முன் பிடித்துப் பாருங்கள். இளமஞ்சள் கைத்தறி முதல் தரம். அடர்சிவப்பு பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும், புள்ளிகள் மட்டும் பளிச்சென்று தெரியும். படிக்கிற மூலைக்கு உதவாது, அழகுக்குச் சரி. பட்டை இழுத்துக் கட்டினால் மடிப்பு விட்ட இடத்தில் கிழியும், கரையை மட்டும் வெட்டிக் கைத்தறியின் மேல் தையுங்கள். விளக்கு எரியும்போது ஜரிகை மின்னாது, கறுப்புப் பட்டையாகத் தெரியும். எனக்கு அது பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது.

நூல்கண்டு:
சாயத்துக்கு வழி? இன்னொன்று, கைத்தறி முழுக்கக் காட்டன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பிக்கூடு:
இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். காட்டன் என்றால் காகிதம் கருகும் வாசனை, சாம்பல் பொடியும். பட்டில் முடி கருகும் நாற்றம். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும், அது கலந்திருந்தால் இந்த வேலைக்கே வேண்டாம்.

சாயத்துக்கு, ஈரமான வெள்ளைத் துணியால் சேலையைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர்ப்பசை பக்கமே போகாதீர்கள், கம்பிக்கூட்டில் தைப்பதில் அந்தத் தொல்லை இல்லை. கஞ்சி போட்ட சேலையானால் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுதும் போக அலசுங்கள். மிச்சம் இருந்தால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும்.

பேஸ்மேன்:
கரன்ட் பக்கம் யாரும் பேசவில்லை. 5 வாட் எல்.இ.டி., வார்ம் வொயிட். குண்டு பல்பு கூடவே கூடாது. எல்.இ.டி.யில் சூடு அடிப்பாகத்தில்தான், டிரைவர் (கரன்ட்டை மாற்றிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) இருக்கும் இடம். தொங்கும் பல்பில் அது மேலே இருக்கும். மேல்பக்கத்தைத் துணியால் மூடினால் சூடு போக வழியின்றி பல்பு சீக்கிரம் போய்விடும். பல்புக்கும் துணிக்கும் எந்தப் பக்கமும் 7 செ.மீ. குறையக் கூடாது. பலூன் முறை என்றாலும் கீழே கை நுழையும் அளவு வாய், மேலே சூடு போக ஒரு துளை.

0.75 சதுர மி.மீ. இரண்டு கோர் ஒயர், பிளாஸ்டிக் ஹோல்டர். ஹோல்டர் மூடிக்குள் ஒயரில் ஒரு முடிச்சு போடுங்கள், இல்லாவிட்டால் ஷேட்டின் எடை முழுக்க ஸ்க்ரூவில் தொங்கும். பித்தளை ஹோல்டர்தான் வேண்டும் என்றால் மூன்று கோர் ஒயரும் எர்த்தும் கட்டாயம், உங்கள் கூடு முழுக்கக் கம்பி. அப்புறம் அந்த ஜரிகைக் கரை: ஜரிகையில் உலோகம் உண்டு, ஹோல்டர் பக்கம் வராமல் கீழ் விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.