பிங்கர் மெசின் வந்தால் ஆளில்லாச் சம்பளம் நிக்குமோ?

மாங்குளத்தான்: அரச கந்தோர்களில வரவையும் சம்பளப் பட்டியலையும் கணினியில ஒண்டாக் கோர்த்தால், வராத ஆளின்ர பெயருக்குச் சம்பளம் போறது நிண்டுடும். நைஜீரியாவில 2016ல சம்பளப் பட்டியலை வங்கிக் கணக்குக்காரர் ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற சரிபார்ப்பு இலக்கத்தோட ஒப்பிட்டு ஏறக்குறைய 24,000 பெயரை வெட்டினவை. இங்க இலங்கையில 2025 ஆகஸ்ட்டில தபால் ஊழியர், விரல் ரேகையால வரவு பதியிற பிங்கர் மெசினை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவை. ஒழுங்கா வாறவைக்கு என்ன பயம்?

குளக்கட்டு: தபால்காரரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. அவை மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் சேர்த்துத்தான் போராடினவை. வெயிலுக்க கடிதம் காவித் திரியிறவரும் ஆளில்லாப் பெயரும் ஒண்டோ?

துணுக்காய்ப் பெட்டை: எங்கட அப்பா வீதி வேலையில நாட்கூலி. கல்லும் தாரும் பட்டு விரல் ரேகை தேஞ்சு போச்சு. சாறத்தில துடைச்சுத் துடைச்சு வைப்பார், மெசின் சிவப்பாத்தான் எரியும். போன மாதம் ரெண்டு நாள் சம்பளம் இல்லை. அங்கயே ஒருத்தர் காலமை விரலை வச்சிட்டு வயலுக்குப் போய், பின்னேரம் திரும்ப வந்து வைப்பார். அவருக்கு உடன பச்சை.

மாங்குளத்தான்: ரேகை தேஞ்சவைக்கு முகத்தைப் பதியலாம் தங்கச்சி. கையெழுத்து வைக்கிற பதிவேடு மட்டும் திறமோ? வேலை நேரம் தொடங்கினதெண்டு சிவப்புக் கோடு கீறின பிறகு வாறவருக்குக் கோட்டுக்கு மேல வெறும் வரி விட்டு வைக்கிறது எல்லாருக்கும் தெரியும்.

பழைய கணக்குக்கிளை: சம்பளப் பட்டியல் செய்தே நரைச்சவன் சொல்லுறன் தம்பி, பிந்தி வாறது வேற, இல்லாத ஆள் சம்பளம் எடுக்கிறது வேற. ஒருத்தர் செத்தாலோ விலகினாலோ அந்தக் கடிதம் கோவைக்குள்ள கிடக்கும், காசு போய்க்கொண்டிருக்கும். ஓய்வூதியக்காரர் வருசா வருசம் கிராம அலுவலரிட்டப் போய் உயிரோட இருக்கிறன் எண்டு காட்ட வேணும். வேலையில இருக்கிறவரை ஆர் எண்ணிப் பாக்கிறது? பெயரைச் சேர்க்கிறவரே சம்பளத்தையும் அங்கீகரிச்சால், கணினி அவர் சொன்னதைத்தான் கேக்கும்.

மாங்குளத்தான்: அடையாள அட்டை இலக்கத்தை வச்சு இறப்புப் பதிவோட ஒப்பிடலாமே ஐயா?

பழைய கணக்குக்கிளை: ஓம், நல்லது. முதல்ல பழைய அட்டையின்ர 9 இலக்கத்தையும் புது அட்டையின்ர 12 இலக்கத்தையும் ஓராளாக்குங்கோ. இல்லாட்டி ஒருத்தரே ரெண்டு பேராய் நிப்பார்.

துணுக்காய்ப் பெட்டை: அப்பாவின்ர ரெண்டு நாள்?

பழைய கணக்குக்கிளை: மேற்பார்வையாளரிட்ட வேலைக்கு வந்ததெண்டு எழுதி வாங்கிக் குடுங்கோ பிள்ளை. ஒரு பிரதி கையில இருக்கட்டும்.