டிசம்பர் 16 முதல் ஜனவரி 31 வரை: இசைக்கலைஞர் பிறந்தநாளும் வரலாற்று நாளும் கொண்ட பட்டியலில் தேதிகள் முரண்படுகின்றன

நூலகப் பலகை:

வணக்கம். பள்ளி நூலகத்தின் அறிவிப்புப் பலகைக்காக டிசம்பர் 16 முதல் ஜனவரி 31 வரை நாளுக்கு ஓர் அட்டை தயாராகிறது. மொத்தம் 47 அட்டைகள். மேல்பாதியில் ஒரு வரலாற்று நிகழ்வு, கீழ்ப்பாதியில் ஓர் இசைக்கலைஞரின் பிறந்தநாள். காலைக் கூட்டத்தில் அவருடைய இசை இரண்டு நிமிடம் ஒலிக்கும். 2026 டிசம்பரில் தொடங்குகிறோம்.

கிடைத்த பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் ஓரிடத்தில் 1871 டிசம்பர் 25, இன்னோரிடத்தில் 1872 ஜனவரி 6, மூன்றாவதில் ஜனவரி 7. பீத்தோவனுக்கு டிசம்பர் 16 என்றும் இருக்கிறது, 17 என்றும் இருக்கிறது. நியூட்டன் பிறந்தது கிறிஸ்துமஸ் அன்றா, ஜனவரி 4ஆ? ஆண்டின் மிக நீண்ட இரவு 21ஆம் தேதியா, 22ஆம் தேதியா? தியாகராஜர் மறைந்தது ஜனவரி 6 என்றால் திருவையாற்று ஆராதனை ஏன் ஆண்டுக்கு ஒரு தேதியில் வருகிறது? எதை எந்த அடிப்படையில் எடுத்துக்கொள்வது?

பழந்தேதி:

ஸ்க்ரியாபினுக்கு நீங்கள் பார்த்த மூன்றில் ஜனவரி 7 மட்டுமே தவறு. மற்ற இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யா 1918 வரை ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறினார்கள். அவர் பிறந்த அன்று மாஸ்கோவில் 1871 டிசம்பர் 25, பாரிஸில் 1872 ஜனவரி 6. நடுக்குளிர்காலத் தேதிகளில் இதுதான் பெரிய தொல்லை: நாள் மாறும்போது ஆண்டும் சேர்ந்து மாறிவிடும். பலாகிரெவும் அப்படித்தான். பழைய கணக்கில் 1836 டிசம்பர் 21, புதியதில் 1837 ஜனவரி 2.

ஜனவரி 7 எங்கிருந்து வந்தது என்றால், இன்று ரஷ்யத் திருச்சபையின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7இல் வருவதைப் பார்த்து 13 நாள் கூட்டிவிடுகிறார்கள். 13 என்பது 20, 21ஆம் நூற்றாண்டுகளுக்கான வித்தியாசம். 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள், 18ஆம் நூற்றாண்டுக்கு 11, அதற்கு முன்னால் 1582 வரை 10.

இந்த வித்தியாசம் கூடுவது ஜனவரி 1இல் அல்ல, பிப்ரவரி கடைசியில். 1900 ஜூலியனில் லீப் ஆண்டு, கிரிகோரியனில் இல்லை. கூடுதலான அந்த பிப்ரவரி 29 வரும்போதுதான் 12 என்பது 13 ஆகிறது. சோவியத் இசையமைப்பாளர் இசாக் துனயேவ்ஸ்கி பழைய கணக்கில் 1900 ஜனவரி 18இல் பிறந்தார். 12 கூட்டினால் ஜனவரி 30, அதுவே சரி. ‘1900 பிறந்துவிட்டதே’ என்று 13 கூட்டினால் 31 என்று வந்து நிற்கும்.

இங்கிலாந்து இன்னொரு வகை. அங்கே 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதுவரை ஜூலியன் நாட்காட்டிதான், அதோடு சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கும். மன்னர் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்ட நாளை அக்காலப் பதிவுகள் 1648 ஜனவரி 30 என்கின்றன. நம் கணக்கில் அது 1649. வரலாற்று நூல்கள் ஆண்டை மட்டும் திருத்தி, நாளை அப்படியே விடுவது வழக்கம். நியூட்டனையும் 1642 டிசம்பர் 25 என்றே போடலாம், பக்கத்தில் ‘பழைய நாட்காட்டி’ என்ற இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். அதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்று பல பாடப்புத்தகங்களில் பார்க்கலாம். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் கிரிகோரியன் தேதி. நியூட்டனையும் அதே நாட்காட்டிக்குக் கொண்டுவந்தால் 1643 ஜனவரி 4. இரண்டு நாட்காட்டிகளைக் கலந்தால்தான் அந்தப் பொருத்தம் கிடைக்கும். அட்டையில் தயவுசெய்து அதை எழுத வேண்டாம்.

அடுத்தது பீத்தோவன். பான் நகரத் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1770 டிசம்பர் 17 என்ற ஞானஸ்நானத் தேதி மட்டுமே. பிறந்த நாளுக்கு ஆவணம் கிடையாது. பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால் 16 என்று கணிக்கிறார்கள். உங்களுக்கு எளிய வழி இருக்கிறது. ஹங்கேரியின் சோல்தான் கோதாய் 1882 டிசம்பர் 16இல் பிறந்தவர். 16 அவருக்கு, 17 பீத்தோவனுக்கு; 17இன் அட்டையில் ‘ஞானஸ்நானம் பெற்ற நாள்’ என்று போடுங்கள். ஆங்கில இசையமைப்பாளர் ஆர்லாண்டோ கிப்பன்ஸின் 1583 டிசம்பர் 25உம் ஞானஸ்நானத் தேதிதான், பிறந்தநாள் அல்ல. அதே தேதியில் 1919இல் லக்னோவில் பிறந்த நௌஷாத் இருக்கும்போது கிப்பன்ஸைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை.

நேரக்கோடு:

நாட்காட்டி ஒன்றாக இருந்தாலும் ஊர் மாறினால் தேதி மாறும். பொது விதி: நிகழ்வு நடந்த ஊரின் தேதியை எடுங்கள்.

2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கம் நம் நேரப்படி டிசம்பர் 26 காலை 6.28 மணியளவில். அப்போது அமெரிக்காவில் இன்னும் 25. அங்கே தயாரான சில பட்டியல்களில் கிறிஸ்துமஸ் நாள் என்று ஏறியிருக்கும், அதை அப்படியே எடுத்துவிடாதீர்கள். எதிர்த்திசையில் தபலா கலைஞர் ஜாகிர் உசேன். அவர் சான் பிரான்சிஸ்கோவில் 2024 டிசம்பர் 15இல் மறைந்தார். செய்தி இங்கே உறுதியானபோது 16 ஆகிவிட்டதால் தமிழ்ப் பதிவுகள் பலவற்றில் 16 என்றே நிலைத்துவிட்டது.

தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்கு 22, 23 இரண்டும் கிடைக்கும். கரையைக் கடந்தது 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் கடலுக்குள் போனதும் அந்த இரவில்தான். 23ஆம் தேதி அட்டையில் ‘22 இரவு முதல்’ என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும். 22 இராமானுஜனுக்கு, ஈரோட்டில் 1887.

மிக நீண்ட இரவு: அதைத் தீர்மானிக்கும் கதிர்த்திருப்பம் (சூரியன் தென்கோடியை எட்டித் திரும்புவது) என்பது ஒரு கணம், ஒரு முழு நாள் அல்ல. சூரிய ஆண்டு ஏறக்குறைய 365.2422 நாள் என்பதால் அந்தக் கணம் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் போலத் தாமதமாகி, லீப் ஆண்டில் மறுபடி முன்னதாக வரும். 2025இல் நம் நேரப்படி டிசம்பர் 21 இரவு 8.33. 2026இல் டிசம்பர் 22 அதிகாலை 2.20. லண்டனில் அப்போது 21 இரவு 8.50. ஆகவே இந்தத் தடவை வெளிநாட்டுப் பட்டியல் 21 என்று சொல்லும், உங்கள் அட்டை 22 என்று சொல்ல வேண்டும்.

திதி கணக்கு:

தியாகராஜர் பற்றிக் கேட்டதற்கு.

மறைந்தது 1847 ஜனவரி 6. பஞ்சாங்கப்படி பராபவ ஆண்டு, புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதி). ஆராதனை திதியைப் பின்பற்றுகிறது, ஆங்கிலத் தேதியை அல்ல. சந்திரக் கணக்கில் பன்னிரண்டு மாதம் 354 நாள் என்பதால் ஆண்டுதோறும் 11 நாள் போல முன்னே வரும், அதிக மாதம் (சூரிய ஆண்டோடு ஒத்துப்போகச் சேர்க்கும் கூடுதல் மாதம்) விழுந்த ஆண்டுக்குப் பிறகு ஒரேயடியாகப் பின்னே போகும். 2023இல் ஜனவரி 11. அந்த ஆண்டில் அதிக மாதம் வந்ததால் 2024இல் ஜனவரி 30. பிறகு 2025இல் 18, 2026இல் 7. 2026இலும் அதிக மாதம் இருப்பதால் 2027இல் மறுபடி ஜனவரி கடைசி வாரம். நாளை உறுதி செய்ய அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பத்துத் திதி தள்ளி, புஷ்ய அமாவாசையில், புரந்தரதாசர் ஆராதனை. அதற்கும் நிலையான தேதி அட்டை போடாதீர்கள்.

உங்களுக்கு இந்த ஆண்டு ஒரு விசேஷம் வாய்த்திருக்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் 2026 சித்திரை முதல் 2027 பங்குனி வரை மறுபடியும் பராபவ ஆண்டு. 1847க்குப் பிறகு சரியாக மூன்று சுற்று, 180 ஆண்டு. ஆராதனை அட்டையில் அதை எழுதுங்கள், பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலிக்க விடுவதானால் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் நாட்டை ராகத்தில் தொடங்குங்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

நூலகப் பலகை:

மிகவும் தெளிவாக இருக்கிறது, நன்றி. இன்னும் இரண்டு சிக்கல். ஜனவரி 6இல் கூட்டம் அதிகம். ஜி. என். பாலசுப்பிரமணியம், ஏ. ஆர். ரஹ்மான், ஸ்க்ரியாபின், மாக்ஸ் ப்ரூஹ் எல்லோரும் அன்று பிறந்தவர்கள். அடுத்து, ஜனவரி 27இல் மோட்சார்ட் பிறந்தநாளும் அவுஷ்விட்ஸ் விடுதலை நாளும் ஒரே அட்டையில் விழுகின்றன. ஜனவரி 30 காந்தியடிகள் நினைவு நாள். இவற்றை எப்படி வைப்பது?

பழந்தேதி:

கூட்டம் சேர்ந்த நாளில் 60, 80 போல முழுப் பத்தாக வரும் எண்ணிக்கை யாருக்கோ அவருக்கு இடம். ஜனவரி 6, 2027 ரஹ்மானுக்கு 60 நிறைவு (1967). ஜி. என். பி. 1910 என்பதால் 117. இந்த ஆண்டு ரஹ்மான், ஜி. என். பி.யின் பெயரை அடியில் சிறிய எழுத்தில். 2030இல் ஜி. என். பி.க்கு 120, அப்போது இடம் மாற்றிக்கொள்ளலாம். இதே முறையில் ஜனவரி 8இல் டேவிட் போவிக்கு 80. அதே நாளில் பிறந்த எல்விஸ் பிரெஸ்லிக்கு 92. பலாகிரெவுக்கு ஜனவரி 2இல் 190. ஜனவரி 23 வரலாற்றுப் பகுதியில் நேதாஜிக்கு 130. இடம் இல்லை என்பதற்காக ஒருவரை அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். ஒருமுறை தள்ளினால் அந்தத் தவறான தேதியை அடுத்த ஆண்டு யாராவது இங்கிருந்தே எடுத்துப் போடுவார்கள்.

மேடைக்குறிப்பு:

ஜனவரி 27: மேல்பாதியில் 1945 அவுஷ்விட்ஸ், கீழ்ப்பாதியில் மோட்சார்ட், 1756, சால்ஸ்பர்க். இருவரையும் வைக்கலாம், அன்றைக்கு எதை ஒலிக்க விடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். விருந்துக் களை உள்ள எதுவும் வேண்டாம். கிளாரினெட் கான்செர்ட்டோவின் நடுப்பகுதி மெதுவானது, முதல் இரண்டு நிமிடமே போதும். ஜனவரி 30 காலை 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். அன்று துனயேவ்ஸ்கி பெயரை அட்டையில் மட்டும் போடுங்கள், கூட்டத்தில் இசை வேண்டாம். 1969இல் பீட்டில்ஸ் லண்டன் மொட்டை மாடியில் வாசித்ததும் ஜனவரி 30தான். நல்ல நிகழ்வு, இந்த நாட்டில் அந்த நாளில் அதற்கு இடமில்லை.

இசையே வரலாறாக இருக்கும் நாள்களை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 22, 1808, வியன்னா. பீத்தோவனின் ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகள் ஒரே மாலையில் முதன்முறையாக ஒலித்தன. நாலாவது பியானோ கான்செர்ட்டோவும் அன்றுதான் பொதுமேடை ஏறியது, வாசித்தவர் அவரே. மாலை ஆறரைக்குத் தொடங்கி நான்கு மணி நேரம், கடுங்குளிர், ஒத்திகை போதவில்லை. கடைசி உருப்படியில் வாத்தியக்காரர்கள் இடறிவிட, பீத்தோவன் நிறுத்தி மறுபடி தொடங்க வைத்தார். அட்டை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் எண்கள் இடம் மாறியிருந்தன: இன்று ஆறாவது எனப்படும் பாஸ்டரல் அங்கே ஐந்தாவது. நிரலைப் பார்த்து எழுதினால் தலைகீழாகிவிடும். 22 காலை இராமானுஜன் அட்டைக்குக் கீழே இதை வைத்து, ஐந்தாவதின் முதல் ஒன்றரை நிமிடத்தை ஒலிக்க விடலாம். அன்று பிறந்த புச்சினி (1858) இந்த ஆண்டு காத்திருக்கலாம்.

இன்னொன்று ஜனவரி 15, 1941. கெர்லிட்ஸ் நகருக்கு அருகே போர்க்கைதிகள் முகாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் அங்கே கைதியாக இருந்தபோது கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ நான்குக்கும் எழுதிய எட்டுப் பகுதிகள் கொண்ட படைப்பு அன்று அரங்கேறியது. பியானோ வாசித்தவர் அவர். கைவசம் இருந்த வாத்தியக்காரர்களை வைத்தே எழுதியதால்தான் அந்த அபூர்வமான கூட்டு. கேட்டவர்கள் 5,000 பேர், செல்லோவுக்கு மூன்றே தந்தி என்று பல இடங்களில் படிப்பீர்கள். மெஸ்ஸியானே அப்படிச் சொல்லிவந்தார். செல்லோ வாசித்த பாஸ்கியே என்பவர் அதை மறுத்தார்: நான்கு தந்தியும் இருந்தன, கூடம் சில நூறு பேர் அமரக்கூடியது. அட்டையில் சில நூறு என்றே எழுதுங்கள். நம்ப முடியாத குளிரில் சில நூறு கைதிகள் அமைதியாக உட்கார்ந்து கேட்டார்கள் என்பதே போதுமான அளவு பெரிய விஷயம்.

நேரக்கோடு:

பட்டியலை எக்ஸெல்லில் வைப்பீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 1900 ஜனவரி 1க்கு முந்தைய தேதியை அது தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ரஹ்மானும் போவியும் வரிசையில் நிற்பார்கள், பீத்தோவனும் மோட்சார்ட்டும் தனியே அடியில் போய் விழுவார்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எண்ணாக இடுங்கள். மாதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஜனவரி டிசம்பருக்கு முன்னால் வந்துவிடும். அதனால் நான்காவதாக அட்டை எண் என்று ஒரு பத்தி: டிசம்பர் நாள் கழித்தல் 15, ஜனவரி நாள் கூட்டல் 16. டிசம்பர் 16 முதல் அட்டை, ஜனவரி 1 பதினேழாவது, ஜனவரி 31 நாற்பத்தேழாவது. ஐந்தாவது பத்தியில் ‘பிறப்பு’, ‘ஞானஸ்நானம்’, ‘மாற்றிய தேதி’, ‘திதி’ இவற்றில் ஏதாவது ஒன்று. திதி என்று உள்ளவற்றை மட்டும் ஒவ்வொரு நவம்பரிலும் புதிய பஞ்சாங்கத்தோடு சரிபார்த்தால் மற்றவை அடுத்த ஆண்டுக்கும் அப்படியே செல்லும். கதிர்த்திருப்ப நேரத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.