செட் மைனஸ் ஈ போட்டும் பேக்கப் ஸ்கிரிப்ட் எரர்ல நிக்க மாட்டேங்குது, அவசரம்!

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம், பாஷ் (லினக்ஸ்ல கமாண்டுகள ஓட்டுற ஒரு ஷெல்) ஸ்கிரிப்ட்ல முதல் வரியிலயே செட் மைனஸ் ஈ இருக்கு, எரர் வந்தா நிக்கணும்ல, ஆனா டம்ப் (டேட்டாபேஸ் முழுசையும் காப்பி எடுக்குறது) ஃபெயில் ஆனாலும் கடைசி வரைக்கும் ஓடி "பேக்கப் முடிஞ்சது"ன்னு மெயில் அனுப்புது. காலைல கிளையன்ட் கேப்பாங்க, யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

நைட்ஷிப்ட்:
எந்த டேட்டாபேஸ், எந்த ஓஎஸ்? டம்ப் எடுக்குற வரிய முழுசா போடுங்க.

தென்காசிக்காரன்:
டிஸ்க் ஃபுல்லா இருக்கும் பாருங்க. முக்காவாசி இதுக்குக் காரணம் அதுதான்.

ஷெல்சித்தர்:
செட் மைனஸ் ஈ-ய நம்பி ஸ்கிரிப்ட் எழுதுறவங்க முதல்ல மேனுவல்ல அந்த ஒரு பத்திய படிக்கணும். இஃப் கண்டிஷனுக்குள்ள ஓடினா நிக்காது, ரெண்டு கமாண்டுக்கு நடுவுல ஆர் ("இல்லேன்னா அடுத்தது"ங்கிற குறி) போட்டா அதுக்கு இடது பக்கம் இருக்கிறதுக்கு நிக்காது, ஃபங்ஷனுக்குள்ள ஒரு வேரியபிள லோக்கல்னு அறிவிச்சு அதே வரியில கமாண்ட் ரிசல்ட்ட வாங்கினாலும் நிக்காது. இதெல்லாம் அடிப்படை.

மழைக்குருவி:
உபுண்டு, மைஎஸ்க்யூஎல். டிஸ்க்ல இடம் நிறைய இருக்கு. மைஎஸ்க்யூஎல்டம்ப், அதோட அவுட்புட்ட பைப் போட்டு நேரா ஜிஸிப்புக்கு (சுருக்குற கமாண்ட்) அனுப்பி, அப்புறம் ஃபைல். எரர் எல்லாம் டெவ் நல்லுக்குப் (வர்றதெல்லாம் காணாமப் போற இடம்) போகுது, முன்னாடி இருந்தவர் எழுதி வச்சது

நைட்ஷிப்ட்:
பைப்தான் காரணம். பைப்ல கடைசி கமாண்டோட எக்ஸிட் கோட (முடியும்போது கொடுக்குற எண், 0-ன்னா எல்லாம் சரி) மட்டும்தான் ஷெல் பாக்கும். டம்ப் செத்தாலும் ஜிஸிப் காலி இன்புட்ட வாங்கி ஒழுங்கா சுருக்கிட்டு 0 கொடுத்துடும். ஃபைல் சைஸ் 20 பைட்டான்னு பாருங்க, ஆமான்னா உள்ள ஒண்ணுமே இல்ல. ஃபைல் சரியா இருக்கான்னு பாக்க ஜிஸிப் மைனஸ் டீ போட்டாலும் எரர் வராது, ஏன்னா அது முறையான காலி ஃபைல். செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் சேருங்க, அப்ப பைப்ல எது ஃபெயில் ஆனாலும் ஃபெயில்னு எடுத்துக்கும், அந்த டெவ் நல்ல தூக்குங்க.

பாம்புப்பிடாரன்:
இதுக்குத்தான் பைத்தான்ல எழுதுங்கன்னு சொல்றது. எக்ஸெப்ஷன் வந்தா தானா நின்னுடும்.

ஷெல்சித்தர்:
நிக்காது. வெளி கமாண்ட ஓட்டுற சப்ப்ராசஸ் ரன்ல செக் ட்ரூ கொடுக்கலேன்னா கமாண்ட் ஃபெயில் ஆனாலும் பைத்தான் கண்டுக்காது.

பாம்புப்பிடாரன்:
கொடுக்கத் தெரிஞ்சவன் கொடுப்பான். குறைஞ்சது எரர் எந்த வரியில வந்துச்சுன்னு காட்டுற ட்ரேஸ்பேக்காவது வரும்ல, ஷெல்ல என்ன வருது?

தென்காசிக்காரன்:
அதே ஆளுங்கதான் எக்ஸெப்ட் போட்டு கீழ பாஸ் போட்டு எரர சத்தமில்லாம முழுங்க வைக்கிறாங்க, அப்ப மட்டும் ட்ரேஸ்பேக் எங்கருந்து வரும். எந்த மொழியா இருந்தா என்ன.

மழைக்குருவி:
ஆமா 20 பைட்தான்!! ஆனா பைப்ஃபெயில் போட்டா "இல்லீகல் ஆப்ஷன்"னு வருது

நைட்ஷிப்ட்:
க்ரான்ல (நேரம் குறிச்சு தானா ஓட்டுறது) எஸ்ஹெச்னு போட்டு ஸ்கிரிப்ட கூப்பிடுறீங்களா? உபுண்டுல 2006-ல இருந்தே எஸ்ஹெச்னா டேஷ்ங்கிற வேற ஷெல், பாஷ் இல்ல. உங்க வெர்ஷன்ல இருக்கிற டேஷுக்கு அந்த ஆப்ஷன் தெரியல. மேல பாஷ் ஷெபாங் (எந்த ஷெல்ல ஓட்டணும்னு சொல்ற முதல் வரி) இருந்தாலும் எஸ்ஹெச் போட்டுக் கூப்பிட்டா அது வெறும் கமெண்ட்தான். பாஷ்னு மாத்திக் கூப்பிடுங்க.

மழைக்குருவி:
நின்னுடுச்சு. ஆக்சஸ் டினைட்னு வருது, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட மாத்தியிருக்காங்க. நன்றிங்க

நைட்ஷிப்ட்:
இப்பவே பழைய ஃபைல் எல்லாத்தோட சைஸையும் பாருங்க. கடைசியா முழுசா இருக்கிறத வேற இடத்துக்கு காப்பி பண்ணிடுங்க, பழசு அழிக்கிற வரி ஸ்கிரிப்ட்ல இருந்தா இன்னைக்கு ராத்திரி அதையும் தூக்கிடும். பாத்துட்டு சொல்லுங்க.